பாக்கெட்டுக்குள் ஒரு பரனூர்

பரனூர் சுங்கச்சாவடியை இனி யாரும் திட்டக் கூடாது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற வழியில் அது குறுக்கே நிற்பதையும், போட்ட காசை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று ஊரே பேசுவதையும், பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிய சனம் அங்கே வண்டிக்குள் வெந்து கிடப்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் பரனூரிடம் சில நற்குணங்கள் உண்டு. காருக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறது. லாரியில் போகும் தக்காளியைக் கோயம்பேட்டில் என்ன விலைக்கு விற்கப் போகிறாய் என்று அது கேட்பதில்லை. விற்ற காசில் நூற்றுக்கு முப்பதை எடுத்து வை என்று சொல்வதில்லை. "உன் தக்காளி எங்கள் கொள்கைக்கு ஒத்துவரவில்லை, லாரியைத் திருப்பு, காரணம் மின்னஞ்சலில் வரும்" என்று சொல்வதில்லை. சாவடி நடத்துகிறவரே பக்கத்தில் தக்காளிக் கடையும் போட்டு, தன் லாரியை மட்டும் சும்மா விடுவதும் அங்கே கிடையாது.

இன்னொரு நற்குணமும் உண்டு. 2020 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, அரசுப் பேருந்து ஊழியருக்கும் சாவடிக்காரர்களுக்கும் மூண்ட தகராறில் சனம் இறங்கி அதை அடித்து நொறுக்கியது. அடித்தது சரி என்று சொல்ல வரவில்லை. உடைப்பதற்கு அங்கே ஒரு கண்ணாடி இருந்தது என்று சொல்கிறேன். நம் சட்டைப்பையில் இருக்கும் சாவடியின் கண்ணாடி உடைந்தால் மாற்றுகிற செலவும் நம் தலையில்தான்.

பரனூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் மகிந்திரா சிட்டி. அங்கே தைவான்காரர்களின் பெகட்ரான் ஆலையில் 2022-இல் ஐபோன் 14 கோக்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. மேற்கே போனால் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். அங்கே வேலை செய்யும் பெண்கள் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கணக்கில் விழுந்து, மிச்சம் இருந்தவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், தங்கள் போனைச் செய்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்பது ஆப்பிள் நிறுவனத்தின் காதில் விழுந்தது. ஆக, கோக்கிற கை நம்முடையது, மண் நம்முடையது, மின்சாரமும் தண்ணீரும் நம்முடையவை. ஆனால் அந்தப் பெண்ணின் தம்பி பொத்தேரியில் பொறியியல் படித்துவிட்டு ஒரு சின்னச் செயலி எழுதினான் என்றால், அக்கா திருகு முடுக்கிய அதே போனுக்குள் அதை ஊருக்கெல்லாம் கொடுக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, கலிஃபோர்னியாவில் குப்பர்டினோ என்ற ஊரில் இருக்கும் துரைமார்களிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

2007-இல் ஐபோன் வந்தபோது வெளியாள் எழுதிய செயலிக்கு அதில் இடமே கிடையாது. வேண்டுமானால் இணையப் பக்கமாக எழுதி உலாவியில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். அடுத்த ஆண்டு மனம் மாறினார். 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு கடை திறந்தது. விற்கிற ஒவ்வொன்றிலும் 30 சதவீதம் கடைக்காரருக்கு. பின்னால் வந்த கூகுளும் அதே முப்பதை எழுதிக்கொண்டது. சந்தைப் பொருளாதாரத்தின் அழகு பாருங்கள்: உலகத்துக்கே இரண்டு கடை, இரண்டு கடையிலும் ஒரே கமிஷன். வழக்குகள் நாலாபக்கமும் சூழ்ந்த பிறகு, 2021-இல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களுக்கு 15 என்று கருணை காட்டினார்கள்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாதிரி வினாத்தாள் செயலி ஒன்று செய்கிறான். ஐபோன் நமக்கெதற்கு, ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போன் ஆண்ட்ராய்டுதானே என்று கூகுளின் பிளே ஸ்டோருக்குப் போகிறான். 25 டாலர் கட்டுகிறான். அடையாள அட்டையைக் காட்டுகிறான். உடனே கடையில் வைத்துவிடுவார்களா? 2023 நவம்பருக்குப் பிறகு கணக்குத் தொடங்கிய தனியாள் யாராக இருந்தாலும், முதலில் இருபது பேரைப் பிடித்து, பதினான்கு நாள் இடைவிடாமல் அந்தச் செயலியைச் சோதித்துப் பார்க்கச் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டுக் கடைசியில் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். பன்னிரண்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். தெருவில் இறங்கிப் பாருங்கள். இரண்டு தங்கைகள், பெரியப்பா, கூடப் படித்த நான்கு பேர், அவர்களில் ஒருவன் ஐபோன் வைத்திருப்பதால் கழிந்து மூன்று பேர். மாடி வீட்டு மாமாவிடம் கேட்டால், "ஏம்ப்பா, இதுல ஓ.டி.பி. கேக்குமா?" என்கிறார். தேநீர்க் கடை அண்ணன் போட்டுக்கொள்கிறார். நாலாம் நாள் போனில் இடமில்லை என்று எடுத்துவிடுகிறார். அத்தையிடம் போனால், பன்னிரண்டு பேரைச் சேர்க்கச் சொன்னதுமே, "வேண்டாண்டா, அன்னைக்கே ஒருத்தன் இப்படி ஆள் சேர்த்துத்தான் சீட்டுக் கம்பெனியில எங்க காசெல்லாம் போச்சு" என்று அழ ஆரம்பிக்கிறாள்.

எப்படியோ கடைக்குள் போய்விட்டான். விலை 100 ரூபாய். அதில் 15 கூகுளுக்கு. செழித்துப் பெருத்தால் ஒருநாள் 30-உம் ஆகலாம். இதே வினாத்தாளை அவன் அச்சடித்து, தாம்பரம் ரயில் நிலைய வாசலில் தார்ப்பாய் விரித்து விற்றால் கூகுளுக்குக் காலணா இல்லை. அச்சடித்த அந்தப் புத்தகத்தையே ஒரு செயலி வழியாக விற்று வீட்டுக்கு அனுப்பினாலும் இல்லை. தாளில் இருந்தால் அது சரக்கு, திரையில் இருந்தால் கப்பம். ஆட்டோ சவாரிக்குக் கமிஷன் இல்லை, பிரியாணிக்கு இல்லை, செருப்புக்கு இல்லை. பாட்டு, பாடம், கதை, ஜாதகப் பொருத்தம் என்று எடை இல்லாத எதுவாக இருந்தாலும் உண்டு. ஏன் என்றால் நீளமாக விளக்குவார்கள். எனக்குத் தெரிந்த விளக்கம் குட்டையானது: பிரியாணிக்காரரிடம் முப்பது கேட்டால் அவர் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார், பாட்டுக்காரருக்கும் பாடக்காரருக்கும் போக்கிடம் இல்லை.

பணம் வாங்கித் தருகிற சேவைக்குத்தான் கமிஷன் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இந்த நாட்டில் யு.பி.ஐ. வழியாகக் காசு அனுப்பினால் வாங்குகிற கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது, 2020-இலிருந்து அப்படித்தான். தேநீர்க் கடையில் கூகுள் பே வழியாகப் பத்து ரூபாய் அனுப்பும்போது அதே கூகுள் சமத்துப் பிள்ளையாகச் சும்மா அனுப்பிக் கொடுக்கிறது. சரி, அந்தச் சும்மா வழியிலேயே நான் வாங்கிக்கொள்கிறேன், உன் கல்லா எனக்கு வேண்டாம் என்று கேம்ப் ரோட்டுப் பையன் சொன்னால், "தாராளமாக, கமிஷனில் 4 குறைத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். 15-இல் 4 போனால் 11. கல்லாவில் உட்காராதவனுக்குக் கல்லாக் கூலி பதினொன்று. பரனூரில் யாரும் இவ்வளவு துணிந்ததில்லை. பக்கத்து மண் ரோட்டில் போன மாட்டு வண்டியைத் துரத்திப் பிடித்து, "சாவடி வழியாக வராததற்கு நாலு ரூபாய் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு" என்று அங்கே எந்த ஊழியரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். உங்கள் நன்மைக்காகத்தான் வாசலில் நிற்கிறோம், நாங்கள் நகர்ந்தால் திருடன் உள்ளே வந்துவிடுவான். இதில் பாதி உண்மை. அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் ஏ.பி.கே. கோப்பு வருகிறது; தொட்டால் வங்கிக் கணக்கு துடைத்து வைக்கப்படுகிறது. வயதான மனிதர்கள் வாழ்நாள் சேமிப்பை இப்படி இழந்திருக்கிறார்கள். வாசலில் ஒரு காவல் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காவல் என்ன லட்சணம் என்றுதான் பார்க்கிறேன்.

ஊரடங்குக் காலத்தில் உடனடிக் கடன் செயலிகள் புற்றீசலாகக் கிளம்பின. ஐயாயிரம் கொடுத்து, ஒரே வாரத்தில் வட்டியோடு கேட்டு, கட்டாதவரின் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அசிங்கமான செய்தி அனுப்பிச் சித்திரவதை செய்தார்கள். தற்கொலைகள் நடந்தன. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீஸ் பெங்களூரு வரை போய் இரண்டு சீனர்களைப் பிடித்தது. அந்த வகைச் செயலிகள் சந்து பொந்தில் கிடந்தவை அல்ல. காவலர் நிற்கும் ராஜவாசல் வழியாக, பிளே ஸ்டோரின் முத்திரையோடு, ராஜநடை போட்டு வந்தவை. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை மூவாயிரத்தைந்நூறு முதல் நாலாயிரம் வரையிலான கடன் செயலிகளைப் பரிசீலித்து 2,500-க்கு மேல் கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. நீக்கியதற்குக் கைதட்டுகிறவர்கள் தட்டலாம். அந்த இரண்டாயிரத்தைந்நூறும் உள்ளே போகும்போது ஐயா என்ன செய்துகொண்டிருந்தார்? கந்துவட்டிக்காரனை உள்ளே விட்டுவிட்டு, கேம்ப் ரோட்டுப் பையனிடம் பன்னிரண்டு சாட்சி கேட்கிற காவல் இது.

இதே வாசலில்தான் 2020 செப்டம்பர் 18 அன்று பேடிஎம் செயலியைச் சூதாட்டக் கொள்கையை மீறியதாகச் சொல்லி வெளியே தள்ளினார்கள். கிரிக்கெட் ஸ்டிக்கர் சேர்த்தால் பணம் திரும்பத் தருகிற விளையாட்டு ஒன்று குற்றமாகப் போயிற்று. கூகுள் பே மட்டும் அதையே செய்யலாமா என்று பேடிஎம் கேட்டது. சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. பேடிஎம்முக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நாட்டின் பெரிய பணப் பரிமாற்றச் செயலி ஒன்றை, அந்தத் தொழிலில் அதன் நேரடிப் போட்டியாளரே ஒரு மதிய நேரத்தில் கடையிலிருந்து தூக்கி எறிய முடியும் என்பதை நாடு அன்று பார்த்தது. பார்த்துவிட்டு ஐ.பி.எல். பார்க்கப் போனது.

சென்னைக்காரர் ஒருவர் மட்டும் விடாமல் மல்லுக்கு நின்றார். பாரத் மேட்ரிமோனி முருகவேல் ஜானகிராமன். சாதிக்கு ஒரு தளம் திறந்து, உட்பிரிவுக்கு ஒரு வடிகட்டி வைத்து, இந்த நாட்டின் பழைய வியாதியைச் சந்தாவாக்கி விற்றவர் சுதந்திரப் போராளியாக நிற்க வேண்டி வந்தது காலத்தின் குறும்பு. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: என் வாடிக்கையாளர் எனக்குக் கொடுக்கும் சந்தாவில் உனக்கு எதற்குப் பங்கு? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரே வாரத்தில் கூகுளுக்கு இரண்டு அபராதம் போட்டது: ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் கல்லா விவகாரத்தில் 936.44 கோடி. இரண்டாவது தீர்ப்பு வந்த நாளோடு ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு பல மாதம், கூட்டம் நடத்தக்கூட ஆணையத்தில் ஆள் எண்ணிக்கை போதவில்லை. தீர்ப்பைக் கூகுள் ஒழுங்காக மதிக்கிறதா என்று கேட்கப் போனவர்களுக்குக் காலி நாற்காலி காட்டப்பட்டது. ஆளில்லாவிட்டாலும் மனுவை விசாரியுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர்களுக்கோ, 2023 ஆகஸ்டில், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று பதில். மேல்முறையீடும் 2024 ஜனவரியில் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் பிப்ரவரியில் இடைக்காலப் பாதுகாப்புக் கொடுக்க மறுத்தது. மூன்று வாரத்தில், மார்ச் 1 அன்று, பாரத் மேட்ரிமோனி, ஜோடி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ், குக்கூ எஃப்.எம். எல்லாம் கடையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன.

மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கொதித்தார். அனுமதிக்க முடியாது என்றார். கூட்டம் போட்டார். ஐந்தே நாளில் செயலிகள் திரும்பின. வெற்றி, வெற்றி என்று முரசு அடித்தார்கள். கமிஷன் போனதா? போகவில்லை. பில் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் கூகுள் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 936 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது. நம்மூரில் சீட் பெல்ட் போடாதவனுக்குக்கூட இவ்வளவு தள்ளுபடி கிடைப்பதில்லை.

அவர்கள் எதைக் காக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பாதுகாப்பு அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் பொருள் விற்பனையில் மொத்த லாப விகிதம் 37 சதவீதம். சேவைகள் என்ற தலைப்பில் வந்த 9,600 கோடி டாலரில் அது 74 சதவீதம். செயலிக் கடையின் கமிஷன் அந்தத் தலைப்புக்குள்தான் இருக்கிறது. மகிந்திரா சிட்டியில் திருகு முடுக்கிச் செய்கிற பண்டத்தைவிட, அது விற்ற பிறகு வாசலில் உட்கார்ந்து வாங்குகிற தண்டலில் லாபம் இரட்டிப்பு. யார்தான் எழுந்து போவார்கள்? தங்கள் குறுஞ்செய்திச் சேவையை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு மலிவான போன் வாங்கிக் கொடுத்துவிடுமே என்று ஆப்பிளின் உயர் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது எபிக் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் அம்பலமானது. வெளியே காசு கட்டுகிற இணைப்பைத் தடுக்காதே என்று அந்த வழக்கில் 2021-இல் அமெரிக்க நீதிபதி உத்தரவிட்டார். ஆப்பிள் தலைவணங்கித் தடையை எடுத்தது. எடுத்துவிட்டு, வெளியே கட்டுகிற காசிலும் 27 சதவீதம் தா என்றது. 2025 ஏப்ரலில் நீதிபதி நீதிமன்ற அவமதிப்பு என்று எழுதி, நிறுவனத்தின் நிதி அதிகாரி ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார் என்றும் பதிவு செய்து, குற்ற நடவடிக்கை வேண்டுமா என்று பாருங்கள் என அரசு வழக்கறிஞருக்கே அனுப்பி வைத்தார். தனியுரிமையையும் நம்பிக்கையையும் விளம்பரப் பலகையில் போட்டு விற்கிற கம்பெனி இது.

நம் தேசபக்தர்கள் சும்மா இருந்தார்களா? இல்லவே இல்லை. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த பரோஸ் இயங்குதளத்தை அமைச்சர்கள் வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் கேமரா முன்னால் சோதித்தார்கள். தாம்பரம் சண்முகம் ரோட்டில் எந்தக் கடையிலாவது போய்ப் பரோஸ் போன் ஒன்று கொடுங்கள் என்று கேளுங்கள். புது பிஸ்கட் வந்திருக்கிறதோ என்று தேடிப் பார்ப்பார்கள். 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கான செயலிக் கடை என்று இண்டஸ் ஆப்ஸ்டோர் வந்தது. திறந்தது போன்பே, போன்பேயின் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டிடம். 2025 செப்டம்பரில் சுதேசி முழக்கத்தில் ஜோஹோவின் அரட்டை என்ற குறுஞ்செய்திச் செயலி பறந்தது. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் வல்லாஞ்சேரியில் வளாகம் வைத்திருக்கும் கம்பெனி. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேர்கிறார்கள் என்றார் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. எனக்கும் சந்தோஷம்தான், பக்கத்து ஊர்க்காரர்கள். முதலிடம், முதலிடம் என்று அமைச்சர்கள் படம் பிடித்துப் போட்டார்கள். எந்தப் பட்டியலில் முதலிடம்? ஆப்பிள் கடையின் பட்டியலில். அந்நியத் துணியை எரிக்கிற கூட்டத்துக்கு அந்நியனின் கடை வாசலிலேயே மேடை போட்டு, அவன் கையாலேயே மாலையும் வாங்கிக்கொண்டோம்.

சட்டம் போட்டிருக்கலாம். 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு வெளியானது, வரைவாகவே கிடக்கிறது. ஐரோப்பாவில் இதே போன்ற சட்டத்தை வைத்து, 2025 ஏப்ரலில் ஆப்பிளிடம் 50 கோடி யூரோ அபராதம் கேட்டார்கள். இங்கே ஏன் கை வரவில்லை என்று யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. வாசல் ஒன்றே ஒன்றாக இருப்பது அரசாங்கங்களுக்கும் வசதி. 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தபோது, நாடெங்கும் புதிதாக இறக்க முடியாமல் செய்ய இரண்டு கடைக்காரர்களிடம் சொன்னால் போதுமாக இருந்தது. சீனா ஒரு வார்த்தை சொன்னதும் 2024-இல் வாட்ஸாப்பையும் சிக்னலையும் ஆப்பிள் அங்கே எடுத்தது. 2021-இல் ரஷ்யத் தேர்தல் அன்று புதினை எதிர்த்து நின்ற நவால்னியின் செயலியை இரண்டு கடைகளும் தூக்கின. கோட்டைக்கு ஒரே வாசல் இருந்தால் அரசனுக்கும் காவல் செலவு மிச்சம்.

ஆண்ட்ராய்டில் இதுவரை ஒரு கொல்லைப்புற வழி இருந்தது. கடைக்குப் போகாமல் நேரே போனில் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்துவிட்டது: 2026 செப்டம்பரிலிருந்து பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில், கூகுளிடம் பெயர் பதிந்து அடையாளம் காட்டாதவன் எழுதிய செயலி கொல்லை வழியாகவும் உள்ளே போகாது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் எச்சரிக்கைகளைத் தாண்டிப் போக ஒரு சந்து விடுவோம் என்று இறங்கி வந்தார்கள். மற்ற நாடுகளின் முறை 2027-இலிருந்து. இதை எதிர்த்து டெல்லியிலிருந்து சத்தம் வரும் என்று காத்திருக்கிறவர்கள், 2025 நவம்பர் 28 அன்று அங்கிருந்து கிளம்பிய உத்தரவை ஒருமுறை படிக்கலாம். இனி விற்கிற ஒவ்வொரு புதுப் போனிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியைப் போட்டே அனுப்ப வேண்டும், அதன் வேலைகளை முடக்க வழி இருக்கக் கூடாது என்றது தொலைத்தொடர்புத் துறை. கூச்சல் கிளம்பியது. அமைச்சர் சிந்தியா, வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாமே என்றார். அந்தப் பெருமைமிகு வாரத்தில் உத்தரவை ஏற்கப் போவதில்லை என்று நமக்காக மல்லுக் கட்டிய விடுதலை வீரர் யார் என்றால், ஐயோ, ஆப்பிள் என்றுதான் செய்தி வந்தது. டிசம்பர் 3 அன்று அரசு பின்வாங்கியது. காவல்காரர்கள் இருவரும் யார் பூட்டு பெரிது என்று அந்த ஐந்து நாளும் அடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரனை ஒருத்தரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவன் அந்தப் போனுக்கு ஒன்பதாவது தவணை கட்டிக்கொண்டிருந்தான்.